உலோகமில்லா ஹைட்ரஜன் பிளப்பும் இயல்பு என்னும் கேள்வியும்

ஆற்றல் பொருளின் இயல்பிலேயே உறைகிறதா, உறவில் பிறக்கிறதா? குணங்கள் பொருளில் உறைகின்றன என்றனர் இந்தியத் தத்துவ மரபொன்றைச் சேர்ந்த வைசேஷிகர். தனித்த இயல்பையே மறுத்தார் பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனர். இந்தப் பழைய வழக்குக்கு வேதியியலில் நல்ல சாட்சி ஒன்று உண்டு. நிக்கலைக் கொண்டு ஹைட்ரஜனேற்றம், அதாவது சேர்மங்களில் ஹைட்ரஜனைச் சேர்க்கும் வினை, செய்த பால் சபாட்டியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின், அந்த வினைக்குத் தேவையானபடி ஹைட்ரஜனைப் பிளப்பது பெரும்பாலும் உலோகங்களின் வேலையாகவே கருதப்பட்டது. 2006இல் கனடாவில் டக்ளஸ் ஸ்டீஃபன் குழுவினர் அந்த எண்ணத்தை அசைத்தார்கள். அவர்களுடைய மூலக்கூறில் எலக்ட்ரான் தரும் பாஸ்பரஸும் உண்டு, வாங்கும் போரானும் உண்டு. சுற்றியுள்ள பருமனான தொகுதிகள் இரண்டையும் பிணையவிடுவதில்லை. நடுவே சிக்கும் ஹைட்ரஜன் அறை வெப்பநிலையிலேயே பிளக்கிறது: புரோட்டான் பாஸ்பரஸிடம், ஹைட்ரைடு போரானிடம். 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ஹைட்ரஜன் மீண்டும் வெளியேறுகிறது. என்ன அழகான வினை!

எலக்ட்ரான் பற்றாக்குறை போரானுடையதுதானே, உறவு புதிதாக எதைத் தந்தது என்று வைசேஷிகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், இயல்பே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அத்தகைய போரானிடம் சின்னஞ்சிறு அம்மோனியா வந்து சேர்ந்தால் இரண்டும் இறுகப் பிணைந்துவிடுகின்றன. ஹைட்ரஜனுக்கு அங்கே இடமில்லை. போரான் மாறவில்லை, துணையும் இடைவெளியும்தான் மாறின. செயலைத் தனித்து நின்று தீர்மானிக்கும் இயல்பு என்ற கருத்து இங்கே நிற்காது. உலோகம் இதைத் தனியாகவே செய்கிறதே என்றால், நிக்கல் பரப்பிலும் அருகருகே உள்ள அணுக்களே பிளந்த ஹைட்ரஜனைத் தாங்குகின்றன.