படுக்கைப்புண்ணும் வினைப்பயனும்

படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிக்குப் புண் வந்தால், ‘வினைப்பயன், அனுபவித்துத்தான் தீரவேண்டும்’ என்று சொல்லிவிடுகிறோம். வினைக் கொள்கையை நம்புகிறவர்களுக்கும் இந்த வாதம் உதவாது. உடலின் பாரம் ஒரே இடத்தில் அழுத்த, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் சாகிறது. வாலெலும்பும் இடுப்பும் குதிகாலும் முதலில் பழுதாகின்றன. காரணம் கண்முன்னே கிடக்கையில் முற்பிறவியில் ஏன் தேட வேண்டும்? பெரும்பாலும் இது நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று செவிலியர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதினார்.

அப்படியானால் பழி குடும்பத்தார் மீதா? அன்பில் குறையே இல்லாத மகள், சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுகிறாள். உள்ளே திசு மேலும் சிதைகிறது. அவளுக்குக் கற்றுக்கொடுக்காதவர்களையே பழி முதலில் சேரும். பாரம் ஒரே இடத்தில் அழுத்தாதிருக்க நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; ஆனால் சாகப்போகிறவரை அடிக்கடி புரட்டி வதைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. கடைசி நாட்களில் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் புண் வரலாம். அப்போது வலிமருந்து கொடுத்தபின் புரட்டுவதும், இடைவெளியைக் கூட்டுவதும், அவரே வேண்டாமென்றால் விட்டுவிடுவதும் சரிதான். ஆனால் எப்போது விடலாம் என்பதை, எதற்காகப் புரட்டுகிறோம் என்று அறிந்தவரால்தான் தீர்மானிக்க முடியும். அந்த அறிவை, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் அன்றே மருந்துச் சீட்டோடு மருத்துவமனை கொடுத்தனுப்ப வேண்டும்.