அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு

திட்டுவதற்குக் கெட்ட வார்த்தைகளுக்கா தமிழில் பஞ்சம்? ஆனாலும், தன் ஒழுக்கத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஊராரை அளந்து பார்க்கும் ஆளைத் திட்ட நாம் எடுப்பது நல்ல வார்த்தைகளைத்தான். யோக்கியன், உத்தமபுத்திரன், யோக்கிய சிகாமணி, சத்தியசந்தன். நீட்டி முழக்க வேண்டுமானால், ‘இவரு அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரரு’. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்ல வேண்டுமானால், ‘யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ளே வை’. போன நூற்றாண்டில் இந்த வரிசையில் ‘பெரிய காந்தி’யும் சேர்ந்துகொண்டார். மராத்தியிலும் இதே வழக்கம்தான். ‘சிஷ்ட்’ என்றால் அகராதியில் பண்பாடு தெரிந்தவர். வாய்ப்பேச்சில் தலைக்கனம் பிடித்தவர். புனேயின் வடக்கு விளிம்பில், ராணுவ வளாகங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த விஷ்ராந்த்வாடியில் தமிழ்க் குடும்பங்களும் மராத்திக் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. வேறு எதை விளக்க வேண்டியிருந்தாலும் இந்த வசவை ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியதில்லை, தொனியே போதும். என் கேள்வி வேறு. இந்த வசவு யார் மேல் விழ வேண்டும், உண்மையில் யார் மேல் விழுகிறது?

பழைய இலக்கியத்தையும் சிற்பத்தையும் பார்த்தால் நம் முன்னோர் குறிவைத்தது வேஷக்காரனை. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்துகொண்டிருக்கிறது. அதன் காலடியிலேயே எலிகள். ‘ருத்திராட்சப் பூனை’ என்று இன்றும் சொல்கிறோம். பஞ்சதந்திரத்தில் ஆஷாடபூதி என்ற திருடன் சீடனாக வேஷம் போட்டு, துறவி ஒருவரின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறான். அவன் பெயர் தமிழில் தனி வசவாகவே நின்றுவிட்டது. வள்ளுவர் துறவறவியலில் இதற்கென்று ‘கூடாவொழுக்கம்’ என ஓர் அதிகாரமே வைத்தார். புலித்தோல் போர்த்திய பசு, புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடன், ஒரு பக்கம் சிவந்து மூக்கில் கறுத்த குன்றிமணி என்று அதில் வரும் உவமைகளெல்லாம் உள்ளொன்று புறமொன்றாக இருப்பவனைப் பற்றியவை. இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வேஷம் என்றைக்காவது கலையும். கலைந்த அன்று கதை முடிந்தது. பூனை எலியைப் பிடித்த பிறகு அதற்காக யாரும் வாதாட மாட்டார்கள்.

வேஷமே போடாதவனை என்ன செய்வது? விதியை உண்மையாகவே கடைப்பிடித்து, அந்த விதியாலேயே மற்றவனை நசுக்குகிறவனுக்குப் பூனை என்ற பெயர் பொருந்தாது. விஷ்ராந்த்வாடி வழியாக ஆண்டுதோறும் போகும் ஒரு பல்லக்கே இதற்குச் சாட்சி. ஆலந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குக் கிளம்பும், மராத்திப் பக்திக் கவி ஞானேசுவரரின் பல்லக்கு திகி, விஷ்ராந்த்வாடி சாலையில்தான் புனேக்குள் நுழைகிறது. அது போய்ச் சேர்வது ஆஷாட ஏகாதசிக்கு. மாதத்தின் பெயரைக் கேட்டதும் தமிழன் காதில் பூதி வந்து நிற்பது பஞ்சதந்திரத்தின் குற்றம். அந்த ஞானேசுவரரின் தந்தை விட்டல்பந்த் துறவறம் வாங்கியவர், குருவின் சொல்படி இல்லறத்துக்குத் திரும்பியவர். சந்நியாசிக்குப் பிறந்த பிள்ளைகள் என்று நான்கு குழந்தைகளையும் ஊர் தள்ளி வைத்தது. பெற்றோர் பிராயச்சித்தமாக ஆற்றில் இறங்கி உயிரை விட்டார்கள் என்பது மரபு. விதி சொன்ன பெரியவர்கள் யாரும் போலிச் சாமியார்களாக அந்தக் கதையில் வரவில்லை. சாத்திரத்தை ஓர் எழுத்து பிசகாமல் படித்தவர்கள்; நிம்மதியாகத் தூங்கியும் இருப்பார்கள். இந்த வகை ஆளுக்குத் தமிழில் கிட்டத்தட்டப் பொருந்தும் வசவு ‘மடிசஞ்சி’. மராத்தியில் மடிக்குச் சரியான சொல் ‘சோவ்ளே’. ரொம்பத்தான் சோவ்ளே பார்க்கிறான் என்று கேலியும் செய்வார்கள். ஆனால் மடிசஞ்சி என்பது தேய்ந்து தேய்ந்து, ஈரப்புடவையும் எட்டி நிற்றலுமாக, ‘பழைய காலத்து ஆள்’ என்ற செல்லக் கேலியாகிவிட்டது. சோவ்ளே அப்படித் தேய்ந்துவிடவில்லை. 2017 செப்டம்பரில் புனேயில் மூத்த வானிலை அதிகாரி ஒருவர், தன் வீட்டில் சமைத்த பெண் சாதியை மறைத்துப் பண்டிகைச் சமையலின் சோவ்ளேயைக் கெடுத்துவிட்டார் என்று போலீசில் புகார் கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு புகார் திரும்பப் பெறப்பட்டது. அவரை வேஷக்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது. நம்பினார், அதனால்தான் காவல் நிலையம் வரை போனார்.

ஆகவே மனத்தூய்மையை அளவுகோலாக வைத்தால் வழி தப்பும் என்பது என் வாதம். ‘உள்ளுக்குள் நல்லவனா?’ என்று கேட்பதைவிட, ‘இவன் நல்லவனாக இருப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?’ என்று கேட்பது மேல். இந்தக் கேள்வியோடு அரிச்சந்திரனிடமே போகலாம். பொய் சொல்லாத மன்னன் என்பதைத்தான் நாம் மனத்தில் வைத்திருக்கிறோம். கதையில் அவன் வாக்கைக் காப்பாற்ற விற்கப்பட்டவர்கள் சந்திரமதியும் லோகிதாசனும். சுடுகாட்டில் செத்த மகனைக் கிடத்தி நிற்கும் தாயிடம் கூலி கேட்கிற இடத்தில் தெருக்கூத்துப் பார்க்கும் கூட்டம் அழுகிறது. அந்த அழுகை சந்திரமதிக்காக. ‘பக்கத்து வீட்டுக்காரன்’ என்று கேலி பேசிய வாய் இந்தக் கணக்கை யோசித்துப் பேசியிருக்காது. இருந்தும், அரிச்சந்திரனுக்கு மிக அருகில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், பக்கத்து வீட்டில் குடியிருக்க யாருக்கும் தைரியம் வராது.

சிறு வயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்துவிட்டு, தானும் அப்படி ஆக வேண்டும் என்று உருகியவர் காந்தி. சுயசரிதையில் அவரே சொல்கிறார். டர்பனில் விருந்தினரின் மூத்திரச் சட்டியை முகம் சுளிக்காமல் சுமக்க வேண்டும் என்று கஸ்தூரிபாயைக் கட்டாயப்படுத்தி, வாயிற்கதவு வரை இழுத்துக்கொண்டு போனதையும் அதே நூலில் ஒளிக்காமல் எழுதினார். அவர் பலமுறை அடைபட்ட எரவாடா சிறை விஷ்ராந்த்வாடிக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 1932 செப்டம்பர் 20 அன்று அங்கே அவர் தொடங்கிய உண்ணாவிரதத்தைப் போல என் அளவுகோலைச் சோதிக்கும் நிகழ்ச்சி வேறு கிடையாது. பிரிட்டிஷ் அரசின் வகுப்புத் தீர்ப்பு தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதிகளும் மாகாண சபைகளில் 71 இடங்களும் கொடுத்திருந்தது. தனித் தொகுதியை எதிர்த்துக் காந்தி சாகத் துணிந்தார். 24ஆம் தேதி கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில் ஒதுக்கீடு 148 இடங்களாக உயர்ந்தது, தனித் தொகுதி போயிற்று. பட்டினி கிடந்தது காந்தியின் உடம்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் இறந்திருந்தால் நாடெங்கும் சேரிகள் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் அம்பேத்கரின் தோளில் வந்து உட்கார்ந்தது. அந்த உண்ணாவிரதத்தை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. இடங்கள் இரட்டிப்பானதைக் காட்டிக் காந்தி பக்கம் பேசுகிறவர்கள் உண்டு. எண்ணிக்கை அவர்கள் பக்கம்தான். ஆனாலும் தன் உயிரைப் பணயம் வைத்தவரின் எதிரே உட்கார்ந்து ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அம்பேத்கருக்கு அந்த நான்கு நாட்களில் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

புனே இதற்கு முன்னால் கொடுத்த பாடம் இன்னும் சிக்கலானது, கொஞ்சம் வேடிக்கையானதும்கூட. 1890 அக்டோபரில் கோபால்ராவ் ஜோஷி என்பவர், இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான ஆனந்திபாயின் கணவர், ஊர்ப் பிரமுகர்கள் பஞ்சஹௌத் கிறிஸ்துவ மிஷனில் ஒரு சொற்பொழிவுக்கு வர ஏற்பாடு செய்தார். வந்த இடத்தில் டீயும் பிஸ்கட்டும் வந்தன. சிலர் குடித்தார்கள், சிலர் மரியாதைக்குக் கோப்பையை வாங்கி வைத்தார்கள். பிறகு வந்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் பத்திரிகையில் வெளியாயிற்று. திலகர், சீர்திருத்தவாதி ரானடே, கோகலே எல்லாம் அதில் இருந்தார்கள். மிலேச்சர் வீட்டு டீ என்று வைதிகர்கள் கொதித்தார்கள். விவகாரம் சங்கராச்சாரியார் வரை போய் விசாரணை நடந்தது. காசியில் பிராயச்சித்தம் செய்துவிட்டதாகத் திலகர் சொன்னார். ரானடே 1892இல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். தனக்காகச் செய்யவில்லை, சாதி விலக்கால் நண்பர்களின் வீடுகளில் கல்யாணமும் கருமாதியும் நின்றுபோகும் நெருக்கடி இருந்தது, அவர்களைத் தனியே விட மனமில்லை. உடனே சீர்திருத்தக்காரர்கள் ரானடேயைக் கோழை என்றார்கள். விதவை மறுமணம் பேசிவிட்டு, 1873இல் முதல் மனைவி இறந்ததும் தந்தையின் வற்புறுத்தலுக்குப் பணிந்து பதினொரு வயதுச் சிறுமியைக் கட்டிக்கொண்டவர் என்பதால் பழைய கணக்கையும் கிளறினார்கள். அந்தப் பழைய கணக்கில் ரானடேக்குச் சாக்குச் சொல்ல என்னால் முடியாது. விலை கொடுத்தவள் அந்தச் சிறுமி. டீ விவகாரத்தில் கதை தலைகீழ். கொள்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் அவர் பெயர் பளபளவென்று இருந்திருக்கும், அடுத்தவன் வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றிருக்கும். அவர் தன் பெயரைக் கொடுத்தார். அன்றைக்கு அவரைக் கோழை என்றவர்கள் குடுமியை எடுத்துவிட்டார்களே தவிர, மடியை விடவில்லை.

இதற்கு எதிராக ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. எந்தக் கொள்கைதான் பக்கத்திலிருப்பவனைத் தொடாமல் நிற்கிறது? லஞ்சம் வாங்காத அதிகாரியின் பிள்ளைகளுக்குக் கார் கிடையாது. ஜோதிராவ் புலே 1868இல் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டாதார் எனப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டபோது உறவுக்காரர்கள் முகம் திருப்பினார்கள் என்றால் அதுவும் விலைதானே? விலைதான். ஆனால் இழந்தது என்ன என்று பார்க்க வேண்டும். விட்டல்பந்தின் நான்கு குழந்தைகள் இழந்தது தாய் தகப்பனை. சந்திரமதி இழந்தது மகனை. லஞ்சப் பணத்து வசதி ஒருவருக்கும் சேர வேண்டியதல்ல. அதை இழப்பது இழப்புக் கணக்கில் வராது. 1947 மே மாதம் மராத்தி எழுத்தாளர் சானே குருஜி பண்டரிபுரம் கோயிலைத் தலித் மக்களுக்குத் திறக்கச் சொல்லிப் பத்து நாள் பட்டினி கிடந்தார். அதுவும் கட்டாயப்படுத்தல்தான் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவு திறந்தபோது கோயில்காரர்கள் இழந்தது அடுத்தவனை வெளியே நிறுத்தும் உரிமையை மட்டும். கோயிலுக்குள் விடப்படாத பக்திக் கவி சொகாமேளர் காலத்திலிருந்து வாசற்படிக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

இன்னொரு தரப்பும் உண்டு. கேலி இருந்தால்தான் ஒழுக்கசீலர்களின் தலைக்கனம் அடங்கும், வசவைப் பறித்துவிட்டால் அவர்கள் ஊரையே நிர்வகிக்க வந்துவிடுவார்கள் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. உண்மையான மடிசஞ்சியை மடிசஞ்சி என்று சொல்லிப் பாருங்கள், பட்டம் கிடைத்த மாதிரி நிமிர்ந்துகொள்வார். ‘யோக்கிய சிகாமணி’ தைப்பது வேறு ஆட்களுக்கு. வரிசையில் குறுக்கே புகுந்தவரைத் தட்டிக்கேட்ட பெண்ணுக்கு, ரசீது இல்லாமல் பணம் வாங்க மாட்டேன் என்ற கடைப்பையனுக்கு, ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் ஏற மாட்டேன் என்று நிற்கும் கல்லூரி மாணவிக்கு. இவர்கள் யாரும் ஊரைத் திருத்தக் கிளம்பியவர்களல்ல, தம் அளவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு நிற்பவர்கள். அரசு அலுவலகத்தில் கவரைத் தொடாமல் கோப்பை நகர்த்தும் குமாஸ்தாவை ‘பெரிய காந்தின்னு நெனப்பு’ என்று சொல்பவர் பெரும்பாலும் அடுத்த மேசைக்காரர். அவர் கோபம் காந்தி மேலல்ல, மாலையில் பிரிக்க வேண்டிய கவரில் ஒரு பங்கு குறைந்ததன் மேல்.