தண்ணீர் தராத காவலன்

பத்தான் தீபகற்பத்துச் சாலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பிலிப்பைன்ஸில் மணிலா விரிகுடாவை ஒட்டி வடக்கே போகும் அந்தச் சாலையோரம் ஆர்ட்டீசியன் ஊற்றுகள் உண்டு. நெய்வேலிப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிறும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம், குழாயை இறக்கினால் தண்ணீர் தானே பொங்கி வழியும். 1942 ஏப்ரலில், கடுங்கோடையில், அந்த வழியே 70,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை ஜப்பானிய ராணுவம் நடத்திச் சென்றது. சுமார் 12,000 பேர் அமெரிக்கர்கள், மற்றவர்கள் பிலிப்பினோக்கள். ஊற்றைக் கண்டு வரிசையை விட்டு ஓடியவன் சுடப்பட்டான், அல்லது துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தப்பட்டான். எருமை புரண்ட குட்டையில் வாய் வைத்தவனைச் சில காவலர்கள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அந்தத் தண்ணீர் தன் வேலையைச் சீதபேதியாகப் பிறகு காட்டியது.

கைதிக்குச் சோறு போடச் செலவாகும், லாரி அனுப்பப் பெட்ரோல் வேண்டும். தானாக வழிந்தோடும் தண்ணீரைக் குடிக்கவிட என்ன செலவு? ஒரு நிமிடம் நிற்கவேண்டும், அவ்வளவுதான். தாகம் தீர்ந்தவன் வேகமாக நடப்பான். தீராதவன் விழுவான், வரிசை நிற்கும், விழுந்தவனைக் கொல்ல ஒரு தோட்டா வீணாகும். கல்நெஞ்சக்காரன் கணக்குப் போட்டாலும் தண்ணீர்தான் மலிவு. ஆனாலும் தடுத்தார்கள். சில இடங்களில் தொப்பியைக் கழற்றச் சொல்லி, ஊற்று கண்ணில் படும் தூரத்தில் வெட்டவெளியில் மணிக்கணக்காக உட்காரவைத்தார்கள்.

இதற்கு நம்மவர்களிடம் ஆயத்தப் பதில்கள் உண்டு. முதலாவது தலையெழுத்து. அது வேலைக்கு ஆகாது. 70,000 பேர் தலையிலும் பிரம்மா ஒரே கையெழுத்தில் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தால், அவர் உட்கார்ந்திருந்தது ராணுவத் தலைமையகத்தில்தான் என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வரலாற்று ஆசிரியர்கள் தரும் விளக்கம். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜெனரல் ஹோம்மா மசஹாருவின் படை இவ்வளவு கைதிகளை எதிர்பார்க்கவில்லை. அவருடைய கவனமெல்லாம் அடுத்துப் பிடிக்கவேண்டிய கொரெகிடோர் தீவின்மேல். கைதிகளும் ஏற்கெனவே நடைப்பிணங்கள்; ஜனவரியிலிருந்தே அரை ரேஷன், பிறகு அதற்கும் கீழே. குதிரைப் படையின் குதிரைகளையே அறுத்துத் தின்று முடித்திருந்தார்கள். மலேரியா வேறு. மரிவேலஸிலிருந்து சான் பெர்னாண்டோ வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடக்க அவர்களால் ஆகாது என்பது யாருக்கும் தெரியக்கூடியதுதான். அதன்பின் மூடிய சரக்கு ரயில்பெட்டிகளில் பெட்டிக்கு 100 பேர் என்று திணித்தார்கள். செத்தவன் விழுவதற்கு இடமில்லாமல் நின்றபடியே வந்தான். காப்பாஸில் இறங்கி மறுபடி நடை, ஓடானல் முகாம் வரைக்கும். அந்த முகாமில் ஒரு குடுவைத் தண்ணீருக்காகக் குழாயடியில் மணிக்கணக்கில் வரிசை நின்றது. சில மாதங்களில் அங்கே மட்டும் செத்த பிலிப்பினோக்கள் 20,000-க்கும் மேல், அமெரிக்கர்கள் சுமார் 1,500.

லாரி இல்லாததையும் அரிசி இல்லாததையும் இந்த விளக்கம் சொல்லிவிடுகிறது. ஊற்றைச் சொல்லவில்லை. லாரி விஷயத்திலும் ஒரு இடறல் இருக்கிறது. சரணடைந்த அமெரிக்கத் தளபதி எட்வர்ட் கிங், ஆயுதங்களை அழிக்கச் சொன்னபோது வண்டிகளையும் பெட்ரோலையும் மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருந்தார். என் ஆட்களை என் வண்டிகளிலேயே நீங்கள் சொல்லும் இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று கேட்டும் பார்த்தார். மறுத்துவிட்டார்கள்.

மூன்றாவது பதில், ஜப்பான்காரன் பிறவியிலேயே கொடூரன் என்பது. 1904-05 போரில் பிடிபட்ட ரஷ்யக் கைதிகளை இதே ஜப்பான் நடத்திய விதத்தை அன்றைய உலகம் மெச்சியது. மட்சுயாமா நகரத்து முகாமுக்கு நல்ல பெயர். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானியர்கள் தொக்குஷிமாவின் பாண்டோ முகாமில் ரொட்டி சுட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள். 1918 ஜூனில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஜப்பானில் முதன்முதலாக முழுமையாக அரங்கேறியது அந்தக் கைதிகளின் கையால்தான். அதற்கும் பத்தானுக்கும் இடையே 24 ஆண்டுகள். ரத்தமும் இனமும் 24 ஆண்டுகளில் மாறாது. பாடப்புத்தகம் மாறும்.

மாறியது. 1941 ஜனவரியில், போர் அமைச்சர் தோஜோவின் பெயரில், ஜப்பானியச் சிப்பாய்களுக்கு 'சென்ஜின்கூன்' என்ற போர்க்கள ஒழுக்க விதி நூல் வந்தது. உயிரோடு பிடிபட்டு அவமானப்படாதே, செத்துப்போ என்பது அதன் மிகப் பிரபலமான கட்டளை. பிடிபட்டவன் தன் குடும்பத்துக்கும் ஊருக்கும் இழுக்கு. இதை ஒப்பித்தும், மேலதிகாரியிடம் கன்னத்தில் அறை வாங்கியும் பழகிய 20 வயதுப் பையன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, கையைத் தூக்கிக்கொண்டு வரும் ஆயிரக்கணக்கானவர்களைக் காவல் காக்கச் சொன்னால் அவன் கண்ணுக்கு என்ன தெரியும்? மானம் இருந்திருந்தால் நேற்றே செத்திருக்க வேண்டியவர்கள். பிணத்துக்கு எதற்குத் தண்ணீர்?

இந்த இடத்தில் தமிழர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட முடியாது. நம்மிடமும் ஒரு போர்க்கைதி இருக்கிறான். சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன். தண்ணீர் கேட்டான், உடனே வரவில்லை, பிறகு வந்தது. கையில் வாங்கியும் குடிக்காமல், ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு இறந்துபோனான் என்கிறது புறநானூற்று 74-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை விடுவித்ததாகவும் ஒரு கதை உண்டு. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. நாம் எதை எடுத்துக்கொண்டோம் பாருங்கள். விடுதலையான சேரன் புலவர்களோடு தங்கிவிட்டான். செத்த சேரன்தான் வகுப்பறைக்கும் பட்டிமன்ற மேடைக்கும் வந்தான். 'தமிழனின் மானம்' என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளைகளுக்குப் புல்லரிக்க வேண்டும்.

தண்ணீரைத் தாமதித்த காவலன் யார்? அவனை யாராவது ஏசியிருக்கிறோமா? கேட்டவுடன் கைதிக்குத் தண்ணீர் கொடுப்பது காவலனின் கடமை என்று எந்தத் தேர்விலாவது ஒரு மதிப்பெண்ணுக்குக் கேள்வி வந்ததா? கொடுமை நடந்தது சிறையில். பாடம் நடத்துவதோ கைதியின் பெருமையைப் பற்றி. கொடுமை செய்தவனுக்கு இதைவிட வசதியான இலக்கியத் திறனாய்வு கிடைக்காது. மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டு வாளோடு களத்துக்குப் போய், பிணங்களைப் புரட்டித் தேடி, அவன் வெட்டுண்டு கிடந்ததைக் கண்டு பெற்றபோதைவிட மகிழ்ந்த தாயையும் நாம் இதே கையால்தான் தட்டிக்கொடுத்தோம்.

சேரன் அந்த விதியைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டான், அடுத்தவனைக் கொல்லவில்லையே என்பார்கள். உண்மைதான். அவன் மட்டும் அப்படி இருந்துவிட்டுப் போயிருந்தால் அது அவன் விருப்பம். அதைப் பாட்டாக்கி, பாடமாக்கி, ஒரு இனத்தின் அடையாளமாக்கிய பிறகு அது சொந்த விருப்பமாக இருப்பதில்லை. 'மானமுள்ளவன் சாவான்' என்பதை ஏற்றுக்கொண்டவன், உயிரோடு இருப்பவனைப் பார்த்து அடுத்த வரியைத் தானே முடித்துக்கொள்வான். ஈழத்தில் புலிகள் கழுத்தில் கட்டிய சயனைடு குப்பியைக் காவியமாக்கினோம். அதைக் கடிக்காமல் 2009-இல் சரணடைந்து, தடுப்பு முகாமிலிருந்து வீடு திரும்பிய போராளிகளை, அதிலும் பெண்களை, எப்படிப் பார்த்தோம்? நீ மட்டும் எப்படித் தப்பினாய் என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டது சிங்கள ராணுவம் மட்டும்தானா?

எட்வர்ட் கிங் அந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தார். சரணடையக் கூடாது, எதிர்த்தாக்குதல் நடத்து என்பது ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தரின் உத்தரவு. சோறில்லாத, காய்ச்சலில் நடுங்குகிற படையை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் படுகொலைதான் மிஞ்சும் என்று கிங் கணக்குப் போட்டார். பழி மேலதிகாரி வெயின்ரைட்மேல் விழக்கூடாது என்று அவரிடம்கூடச் சொல்லாமல் ஏப்ரல் 9 அன்று வெள்ளைக்கொடியோடு போனார். ஊர் திரும்பினால் ராணுவ நீதிமன்றம் காத்திருக்கும் என்று நம்பியே போனார். சரணடைந்தது நான், நீங்கள் அல்ல என்று படைவீரர்களிடம் சொன்னார். அவர்களில் பல்லாயிரம் பேர் பிறகு சாலையிலும் முகாமிலும் செத்தார்கள். அதற்காக அவர் கணக்கு தப்பு என்று சொல்பவர்கள், கொன்றவனின் கணக்கைச் சரணடைந்தவன் பேரேட்டில் எழுதுகிறார்கள். திரும்பி வந்தவரை எந்த நீதிமன்றமும் கூப்பிடவில்லை. என் பார்வையில் பத்தானில் வீரம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மனிதரிடம் இருந்தது. அடுத்தபடியாக அந்தச் சாலையோரக் கிராமத்துப் பெண்களிடம். வாழையிலையில் சோற்றைக் கட்டி வரிசைக்குள் வீசினார்கள், தகரத்தில் தண்ணீர் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டார்கள். அகப்பட்டவர்கள் அடிபட்டார்கள், கொல்லவும்பட்டார்கள்.

ஜப்பானியப் படையிலும் எல்லோரும் மனப்பாடம் செய்ததை அப்படியே வாந்தியெடுக்கவில்லை. கைதிகளைக் கொன்றுவிடச் சொல்லித் தொலைபேசியில் உத்தரவு வந்தபோது, எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதாகக் கர்னல் இமாய் தாக்கேயோ பின்னாளில் எழுதியிருக்கிறார். எழுத்து வரவில்லை. தன் பொறுப்பில் இருந்த 1,000-க்கும் மேற்பட்ட கைதிகளை அவிழ்த்துவிட்டு, பிழைக்கும் வழி இன்னது என்று காட்டி அனுப்பிவிட்டார். கேட்டது ஒரு தாள். வேறு இடங்களில் யாரும் தாள் கேட்கவில்லை. பந்திங்கான் ஆற்றங்கரையில் பிலிப்பினோ அதிகாரிகளும் சார்ஜென்டுகளுமாகச் சுமார் 400 பேரைத் தொலைபேசிக் கம்பியால் கட்டி, வாளாலும் கத்தியாலும் வெட்டித் தள்ளினார்கள்.

ஹோம்மா, தனக்கு இதெல்லாம் தெரியாது என்று மணிலா நீதிமன்றத்தில் வாதாடினார். 1946 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். கைதிகளைக் கொல்லும்படி வாய்மொழி உத்தரவுகளைப் பரப்பியவர் என்று வரலாற்று ஆசிரியர்கள் கைகாட்டும் கர்னல் சுஜி மசநோபு, தோல்விக்குப் பிறகு வயிற்றைக் கிழித்துக்கொள்ளவில்லை. பிறருக்கு உபதேசித்த மானத்தை ஓரமாக வைத்துவிட்டு, பாங்காக்கில் மொட்டையடித்துக் காவி கட்டிப் பௌத்தத் துறவியாகத் தலைமறைவானார். பிறகு ஜப்பானுக்குத் திரும்பி, ஆபத்து நீங்கியதும் புத்தகம் வெளியிட்டார். நன்றாக விற்றது. 1952 தேர்தலில் நின்றார். மக்கள் ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.