பாட்டி சொன்ன சொல்லுக்குப் பதிப்புரிமை யாருக்கு?

அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா, தெற்கு டக்கோட்டா மாநிலங்களில் பரந்து கிடப்பது ஸ்டாண்டிங் ராக் பழங்குடி நிலம். 2022 மே மாதம் அதன் மன்றம் ஒரு நிறுவனத்தைத் தன் மண்ணில் இனிக் கால்வைக்கக் கூடாதென்று விலக்கியது. அந்த மக்களின் லக்கோட்டா மொழிக்கு 20,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு அகராதியும், பள்ளிப் பாடநூல்களும் கொண்டுவந்த லக்கோட்டா மொழிக் கூட்டமைப்புதான் அது. மொழிக்கு உழைத்தவர்களுக்கா இந்தத் தண்டனை என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் மன்றம் செய்தது அறமே.

லக்கோட்டா மூத்தோர் நிறுவனத்தை நம்பிப் பேசினார்கள். பேச்சு பதிவாகி நூலாயிற்று. நூலில் நிறுவனத்தின் பதிப்புரிமை ஏறியது. தம் பாட்டி பல ஆண்டுகள் உதவி உருவான பாடங்கள் தம் மக்களுக்கே விலைக்கு வருவது கண்டு ஓர் ஆசிரியர் எழுப்பிய குரல்தான் மன்றம் வரை போனது.

பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள மனத்தால் நினைப்பதும் தீது என்று கள்ளாமையில் விதித்தார் வள்ளுவர். நன்றி கொன்றவனுக்கு உய்வே இல்லை என்றும் அவரே தீர்ப்பளித்தார். ஒருவன் கையிலிருந்த சிலம்பு யாருடையது என்று ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன், உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டதை இளங்கோ காட்டுகிறார். தொல்காப்பியரோ பல இடங்களில், இது எனக்கு முன்னிருந்த புலவர் சொன்னது என்று ஒதுங்கி நிற்கிறார். அத்தனை பெரிய இலக்கணம் வகுத்தவருக்கே வராத உரிமை எண்ணம் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறவருக்கு எப்படி வருகிறது?

லக்கோட்டாவைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று 2,000 பேருக்கும் குறைவு. அது தானாகத் தேய்ந்துவிடவில்லை. 1879-ல் பென்சில்வேனியாவில் கார்லைல் உறைவிடப் பள்ளி தொடங்கியபோது முதலில் கொண்டுபோகப்பட்டவர்கள் லக்கோட்டாப் பிள்ளைகள். தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பழங்குடி மொழிகளைக் காப்பது அரசின் கொள்கை என்று சட்டம் வர 1990 ஆயிற்று. இத்தனைக்கும் தப்பி ஒரு கிழவியின் நாவில் மிஞ்சியதையும் வெளியார் பெயருக்கு எழுதிக்கொள்வதை எந்த அறநூல் ஒப்பும்?

உரிமை மொழிக்கல்ல, தொகுத்த நூலுக்குத்தான் என்கிறது நிறுவனம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். பதிவு செய்யாவிட்டால் முதியோரோடு எல்லாம் போய்விடும் என்பதும் மெய்தான். ஆனால் சட்டம் விட்ட இடத்திலிருந்துதான் அறம் பேசத் தொடங்குகிறது.

வேறு வழி இல்லாமலில்லை. ஸ்டாண்டிங் ராக்கில் வளர்ந்த எலா டெலோரியா, மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸோடு சேர்ந்து தம் மக்களின் மொழியை ஆராய்ந்தவர். 1941-ல் வெளியான, லக்கோட்டாவையும் உள்ளடக்கிய டக்கோட்டா மொழியின் இலக்கண நூலில் போவாஸின் பெயரோடு அவர் பெயரும் ஆசிரியராக நிற்கிறது. அன்றே ஒரு பெயரைச் சேர்க்க முடிந்ததென்றால், இன்று பதிவுகளின் மூலப்படியை அந்த மக்களிடமே ஒப்படைத்துவிட்டு, நூலின் உரிமையில் மன்றத்தின் பெயரை முதலில் எழுதுவதில் என்ன தடை? அதற்கு மனம் வராத அறிஞர், எத்தனை பட்டம் பெற்றவராயினும், ஊர் எல்லையிலேயே நின்றுகொள்ளட்டும்.