குழப்படியும் அடக்கமும்

செப்டெம்பர் மாதம் பிறந்தால் எமது வீடுகள் பலவற்றில் ஒரு பரபரப்பு. ஒன்ராறியோ மாகாணத்திலே பிள்ளைகள் நான்கு வயதாகும் ஆண்டிலேயே பாலர் வகுப்புக்குச் செல்லத் தொடங்கலாம். சட்டப்படி கட்டாயம் ஆறு வயதில்தான் என்றாலும், நாம் யாரும் அதுவரை காத்திருப்பதில்லை. எமது இளைய மகளையும் நான்கு வயதிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அவள் துடியாட்டமான பிள்ளை. ஓரிடத்தில் இருக்கமாட்டாள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் அடுத்த கேள்வி வந்துவிடும். வகுப்பு வாசலில் ஆசிரியையைக் கண்டதும் அவள் குழப்படிக்காரி என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டோம். அருகில் நின்ற தமிழ்ப் பெற்றோரிடமும் அதையே சொல்லிச் சிரித்தோம். பிள்ளை எமது கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு மூதாட்டி, "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று அன்போடு கேட்டார். "நான் குழப்படி, அம்மம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை.

நாம் மன்னிப்புக் கேட்டது யாருக்காக? பிள்ளையின் நன்மைக்காகவா, எமது மானத்துக்காகவா? நேர்மையாகப் பார்த்தால், வளர்ப்புச் சரியில்லை என்று பிறர் சொல்லிவிடுவார்களோ என்ற பயமே காரணம்.

வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அடக்கம் என்பது ஒருவர் தம்மைத் தாமே ஆளுதல். ஆளுவதற்கு உள்ளே ஒரு வேகம் இருக்கவேண்டும். பயத்தினால் வாய்மூடி இருப்பது அடக்கமன்று, அது அடங்கிப்போதல். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால் நாம் ஏமாந்துவிடுகிறோம்.

பாலர் வகுப்பைத் தோற்றுவித்த ஜேர்மானியர் பிரெடெரிக் புறோபல், 1840இல் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' என்று பொருள்படும் பெயரை இட்டார். விளையாட்டே அந்த வயதின் கல்வி என்பது அவர் கொள்கை. 1851இல் பிரஷ்ய அரசு அத்தகைய வகுப்புகளைத் தடைசெய்தது; 1860இலேயே தடை நீங்கியது. ஓடியாடும் பிள்ளை அந்த வகுப்புக்குப் பொருந்தாதவளல்லள். அவளைப் போன்றவர்களுக்காகவே அது உண்டானது.

அப்படியானால் பிள்ளையை அவள் போக்கில் விட்டுவிடலாமா? கூடாது. வகுப்பிலே மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊஞ்சலில் தன் முறை வரும்வரை நிற்பதும், மற்றவர் பேசும்போது கேட்பதும் அவள் கற்கவேண்டியவையே. அவற்றைக் கற்பிக்காமல் விடுவதும் அன்பாகாது.

எமது தேர்த்திருவிழாவை நினைத்துப் பார்ப்போம். வடம் பிடிப்பவர்கள் இழுக்க, சில்லுக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் கூடவே நடக்கிறார்கள். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. வீதியிலோ அது தேரின் வேகத்தைத் தணித்து, மூலையில் அதைத் திருப்பிவிடுகிறது. ஓடாத தேருக்கு முட்டுக்கட்டையால் பயனில்லை. பெற்றோரின் கண்டிப்பும் அத்தகையதாக இருக்கவேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை ஆசிரியையிடம் வேறுவிதமாகச் சொன்னோம்: "இவள் நிறையக் கேள்வி கேட்பாள். காத்திருக்க இப்போதுதான் பழகுகிறாள்." இரண்டும் உண்மை. பிள்ளை எம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

எமது பிள்ளைகளுக்கு நாம் இட்ட பெயர்கள் எத்தனையோ நல்ல பொருள் கொண்டவை. அவற்றாலேயே அவர்களை அழைப்போமாக.