சிறைப்பட்டோர் பிணியும் வினைக்கொள்கையும்

சிறையிலிருப்பார் நோயுற்று வருந்துதல் அவரவர் முன்செய் தீவினையின் பயனேயாகலின், அதனை நீக்கப் புகுதல் வினைப்பயனைத் தடுக்கப் புகுதலேயாம் என்று சைவநன்மக்களுள்ளும் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். கேட்ட அளவில் இது சித்தாந்தம் போலத் தோன்றும். சிறிது ஆராயின் சித்தாந்தத்திற்கு முற்றும் மாறாதல் விளங்கும்.

கன்மம் சடம். அது தானே சென்று செய்தவனைப் பற்றமாட்டாது. உயிரும் தீப்பயனைத் தானே நாடிச்சென்று நுகராது. இரண்டனையும் அறிந்து, அளவறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே என்பது நம் சாத்திரத் துணிபு. அற்றாயின், இன்ன கைதிக்கு இத்துணை இருமல், இத்துணைச் சுரம் என்று அளந்துவைக்கும் அதிகாரத்தைச் சிறைக்காவலர்க்கு அளித்தார் யாவர்? ஊட்டுவான் தொழிலைத் தன்மேல் ஏறட்டுக்கொள்வது ஆணவத்தின் செயலன்றோ? மருந்தாற் பிணி தீருமாயின் அத்தீர்தலும் வினைவழிப்பட்டதே. மருந்தை மறுத்தலோ மறுத்தானுக்கு ஆகாமியமாய் ஏறும். இவ்வாறு வாதிப்பார் தம் மைந்தர்க்குச் சுரங் கண்டவிடத்து வினையென்று வாளா இருப்பதில்லை. வைத்தியரை அழைத்துவர ஓடுகின்றனர். பிறன் மகன்பாற் செல்லும்போது மட்டும் இக்கொள்கை உறுதிபெறுதல் வியப்பே.

தனுகரண புவனபோகங்களை இறைவன் உயிர்க்குக் கூட்டியது மலநீக்கத்தின் பொருட்டு. குற்றஞ்செய்தானுடைய உடம்பு அதற்கு விலக்கன்று. மலம் மிக்கானுக்கே அக்கருவி மிகுதியும் வேண்டற்பாலது. இனி, அரசன் செய்யுந் தண்டமும் இறைவன் அருள்வழிப்பட்டதென்றும், அத்தண்டத்தாற் பாவந் தீர்ந்தார் நிரயம் புகாரென்றும் சிவஞான சித்தியார் சுபக்கம் கூறும். இப்பெருமை விதித்த தண்டத்திற்கே உரியதென்க. நீதிமன்றத்தார் விதிப்பது இத்துணை யாண்டு சிறையிருத்தல் என்பதே. காசநோயை எவரும் விதித்திலர். விதியாததனைப் பட்டழியச் செய்தல் அருள்வழியினின்று நீங்கிய வெறுங் கொடுமையாம்.

நம் தணிகைப்பெருமான் வரலாற்றில் இருவகைச் சிறை வருதலைக் கந்தபுராணம் ஓதினார் அறிவர். ஒன்று, பிரணவப்பொருள் உரைக்கமாட்டாது தருக்கிநின்ற அயனைக் குமரக்கடவுள் வைத்தது. மற்றொன்று, சயந்தனையும் தேவரையும் சூரபன்மன் மகேந்திரபுரத்தில் வைத்தது. முன்னையதினின்று மீண்ட அயன், அது தன் அகந்தையை ஒழித்ததெனப் பாராட்டினான். பின்னையது செருக்கும் வெகுளியும் வைத்த சிறை. வருத்துதலன்றி அதற்கு வேறு கருத்தில்லை. அதனைத் தகர்க்கவே பெருமான் வேலெடுத்தருளினான். அப்போரின் சினந் தணிந்து அவன் அமர்ந்த இடம் இது என்பதுபற்றியே செருத்தணி என்னும் பெயர் வழங்குவதாயிற்று. இக்காலத்துச் சிறைச்சாலையும், மதிலும் பூட்டும் ஒன்றேயாயினும், நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது குமரன் வைத்த சிறையையும், கொடாதவிடத்துச் சூரன் வைத்த சிறையையும் ஒக்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1908ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அரசநிந்தனை வழக்கில் தண்டிக்கப்பெற்றனர். கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்த பிள்ளையவர்கள் 1912இல் விடுதலையுற்றார்கள். பின்னர் 1935இல் சிவஞானபோதத்திற்கு உரையெழுதி வெளியிட்டார்கள் என்பதை இவ்வேட்டினைப் படிப்பார்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. சிவாவும் 1912இலேயே வெளிவந்தார். ஆயின் சிறையிற் பற்றிய தொழுநோயோடு வந்தார். தொழுநோயர் புகைவண்டியில் ஏறலாகாதென்று தடுக்கப்பட்டு, கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊரூராகச் சென்று பேசி, 1925 ஜூலை 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். அவர்க்கு விதித்த தீர்ப்பிலே தொழுநோய் எழுதப்படவில்லை. சிறைவாயில் திறந்த பின்னும் பதின்மூன்று யாண்டு அவர் தண்டம் தொடர்ந்தது.

அயலார் ஆட்சியில் நிகழ்ந்தது அது எனின், அவ்வயலார் இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சிறைச்சட்டமே ஒவ்வொரு சிறையிலும் நோயாளர்க்கு ஒரு வைத்தியசாலை அல்லது தக்க இடம் வேண்டுமென்று விதித்துளது. சிறைப்பட்டதனாலேயே ஒருவன் தன் அடிப்படை உரிமைகளையெல்லாம் இழந்துவிடுவதில்லை என்று, விசாகப்பட்டினச் சிறையிலிருந்தார் தொடுத்த வழக்கில் 1974இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. வெளியிலுள்ளார்க்குக் கிடைக்கும் மருத்துவத்திற்குக் குறையாதது உள்ளிருப்பார்க்கும் வேண்டுமென 2015இல் ஐக்கிய நாடுகள் சபையார் வகுத்த விதிகள் மண்டேலாவின் பெயரால் வழங்குகின்றன. அவரும் சிறையிலிருக்கையில் 1988இற் காசநோயுற்றவர். ஆகவே குறை சட்டத்தில் இல்லை.

2022ஆம் ஆண்டிறுதியில் இந்நாட்டுச் சிறைகள் கொள்ளத்தக்கார் 4,36,266 பேர். இருந்தார் 5,73,220 பேர். நெருக்கத்திற் காசம் எளிதிற் பரவும் என்பது வெளிப்படை. இவருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அஃதாவது நால்வருள் மூவர் குற்றவாளியெனத் தீர்க்கப்படாதவர். தண்டம் அருளென்னும் வாதம் இவர்பால் ஒருசிறிதும் செல்லாது. 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்திற் பிடிக்கப்பட்ட தந்தையும் மைந்தனும், உடல் தகுதியுடையதென்று மருத்துவச் சான்று பெற்றே கோவிற்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டனர். 22ஆம் நாள் மைந்தன் இறந்தான். மறுநாள் தந்தை இறந்தார். காவலர் ஒன்பதின்மர்மீது மத்தியப் புலனாய்வுத் துறையார் கொலைக்குற்றஞ் சாட்டினர். அச்சான்றினை எழுதிய கை உண்மையை எழுதியிருக்குமேல் அவ்விருவரும் அன்று புகுந்திருக்கற்பாலது வைத்தியசாலையேயன்றிச் சிறையன்று.

எல்லைப்புறத்தார்க்கு மற்றொரு துன்பமும் உண்டு. இத்தணிகை 1960 வரை சித்தூர் மாவட்டத்தது. இங்குத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே பயில்வார் மிகப்பலர். மலைநாட்டு மக்களோ அங்ஙனமல்லர். 2014, 2015 ஆகிய ஆண்டுகளிற் செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் வைக்கப்பட்ட தமிழ்நாட்டு மலைவாழ் மக்கள் பலர். நோவு இவ்விடத்தது என்று மருத்துவர்க்கு உரைக்க மொழியில்லாதவன், மருந்திருந்தும் இல்லாதவனே.

சூரன் அவைக்குத் தூது சென்ற வீரவாகுதேவர், அவ்வவை புகுமுன் சிறைபுகுந்து சயந்தனைத் தேற்றினார். இன்றும் சிறைகளுக்கு அலுவலரல்லாத பார்வையாளரை அரசினர் நியமிக்கும் முறையுண்டு. நம் ஆதீனங்களைச் சார்ந்த பெரியோர் அப்பணியை விரும்பி ஏற்றல் வேண்டும். சிறைக்குட் சென்று திருமுறை ஓதுதல் நன்றே. ஓதி முடித்தபின் உடன் புறப்பட்டுவிடாது, மருத்துவர் எத்துணை நாட்கு ஒருமுறை வருகின்றார், நோய்ப்பதிவேடு எங்குளது, வெளி வைத்தியசாலைக்கு அனுப்பற்பாலர் எவரேனும் வழிக்காவலர் இன்மையால் நிறுத்தப்பட்டனரோ, தெலுங்கன் நோவைத் தமிழ் மருத்துவர்க்கு எடுத்துரைப்பார் யார் என்று கேட்டு, விடையை எழுதிவாங்கி வருக.