சாத்திய கதவு

வரலாற்று வகுப்பில் இலங்கைப் போரின் திருப்புமுனைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது என் வழக்கம். 1948இல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 ஜூலைப் படுகொலைகள், 1987 ஒப்பந்தம், 2009 முள்ளிவாய்க்கால். 1956ஐச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான் மொழியின் பெயரால் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதே ஆண்டில்தான் அக்கரையில் மொழி ஒரு நாட்டைப் பிளக்கத் தொடங்கியது.

எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்கா பெருமாள்புரம் முகாமில் இருக்கிறார். 2006இல் மன்னாரிலிருந்து வந்தவர். ஒருநாள் பேச்சுவாக்கில் இந்தப் பட்டியலை அவரிடம் சொன்னேன். நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "ஒண்டை விட்டிட்டீங்கள் டீச்சர்" என்றார்.

அவர் சொன்னது 1990 அக்டோபரை. அப்போது விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அதற்குக் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். அக்காவுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண். புறப்பட்ட அன்று அவர் வேலியோரம் நின்று அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

"துப்பாக்கியோட நிக்கிறவங்க முன்னால நீங்க என்னக்கா செய்திருக்க முடியும்?" என்று ஆறுதல் சொன்னேன்.

"தடுத்திருக்க ஏலாதுதான். போயிட்டு வா எண்டு சொல்லியிருக்கலாம்."

அந்தப் பதில் என் ஆறுதலில் இருந்த பிழையைக் காட்டியது. போரைப் பற்றி எழுதும்போது பெண்களை நாம் பாதிக்கப்பட்டவர்களாகவே எழுதிப் பழகிவிட்டோம். அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால், சரி தவறு பார்க்கும் பொறுப்பையும் அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். அக்கா என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. தன் பங்கு எவ்வளவோ அதைத் தன் கணக்கில் எழுதச் சொன்னார். ஆணையிட்டவர்களின் குற்றத்தை அவர் சுமக்க வேண்டியதில்லை. அந்தக் கதவு மட்டும் அவருடையது.

வாய் திறந்தவர்கள் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர், 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர். அரசு, இந்திய ராணுவம், இயக்கங்கள் என்று எவர் செய்த கொடுமையையும் மறைக்காமல் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லோரும் ராஜினியாக வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஏனென்றால் நான் கதவு சாத்திய வீட்டில் வளர்ந்தவள்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம் வெடித்தது. கடலில் குளித்த பெண்களைச் சீண்டினார்கள் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. பெண்களின் மானத்தைச் சொல்லித்தான் ஆட்களைத் திரட்டினார்கள். எங்கள் வீட்டுக்குக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா சில வாரம் கழித்துக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு புறவாசலில் வந்து நின்றார். ஜன்னல் வழியாகவே அம்மா "இனி வேண்டாம்" என்றாள். அம்மாவை யாரும் மிரட்டவில்லை. அன்று துப்பாக்கி எதுவும் எங்கள் தெருவில் இல்லை. நானும் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா அப்புறம் வரவேயில்லை.

ஒரு போர் எந்த ஆண்டில் தொடங்கியது என்று சொல்லும்போதே யார் குற்றவாளி என்பதையும் பாதி சொல்லிவிடுகிறோம். 1983இல் தொடங்கினால் என் மக்கள் மீது இழைத்த அநீதி மட்டும் தெரியும். அது பெரிய அநீதி. 1990ஐச் சேர்த்து எழுதினால் அது சிறுத்துவிடும் என்று பயந்தேன். சிறுக்கவில்லை.

இப்போது 1987க்கும் 2009க்கும் நடுவில் ஒரு வரி எழுதுகிறேன். "மிஸ், இது நம்ம ஆளுங்க செஞ்சதா?" என்று யாராவது ஒரு பெண் கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மண்டைக்காட்டிலிருந்து தொடங்குவேன்.